பரீட்சைக்குப் போன இதயம்

மருத்துவக் கல்லூரியின் பின்வாசலுக்கு நேர் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிறவளுக்கு வயது நாற்பத்தொன்று. மாணவர்களுக்கெல்லாம் அவள் ஜெராக்ஸ் அக்கா. வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் அவள் கடையில் இருக்க மாட்டாள். "அக்கா எங்கே?" என்று யாராவது கேட்டால், அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார், "அண்ணி பரீட்சைக்குப் போயிருக்காங்க" என்பாள். கேட்டவர், இந்த வயதிலும் படிக்கிறாளே என்று வியந்துகொண்டே போவார். நாத்தனார் திருத்த மாட்டாள். அவளுக்கு அதில் ஒரு குஷி.

உண்மையில் அக்கா போவது பரீட்சை எழுத அல்ல. எழுதுகிறவர்களுக்குக் கேள்வித்தாளாக இருக்க.

ஆறு வருஷத்துக்கு முன்பு, காகிதப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படி ஏறியவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கி வாங்கித் தொண்டை வறண்டது. எதிரே அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது வேறெங்கே போவது? ரோட்டைக் கடந்து போனாள். இருதயப் பிரிவுப் பேராசிரியர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு லேசாகச் சிரித்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் அவள் முதலில் கேட்டது இதைத்தான். "டாக்டர் நம்ம நெஞ்சைக் கேட்டுட்டுச் சிரிச்சா அது நல்லதா, கெட்டதா?"

கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். "என்ஜினைக் கேட்டுட்டு நான் சிரிச்சேன்னா, கோளாறு எங்கன்னு பிடிச்சுட்டேன்னு அர்த்தம்" என்றான்.

அதுவேதான். சின்ன வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இதயத்தின் ஒரு வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் கதவு தடித்துச் சுருங்கிவிட்டது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று பெயர். இப்போதைக்கு மாத்திரை போதும், வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்மா. புத்தகத்துல இருக்கற அத்தனை சத்தமும் உங்ககிட்ட வரிசையா, சுத்தமாக் கேக்குது. இப்படி ஒரே ஆள்கிட்ட அமையறது அபூர்வம். எங்க பசங்களுக்குப் பரீட்சை வைக்க வருவீங்களா?"

அவள் உடனே சரி என்றாள். பேராசிரியரே கொஞ்சம் திகைத்துப் போனார். அவளுக்கு இருந்த காரணம் சின்னதுதான். தனக்குள்ளே என்ன நடக்கிறது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

முதல் வருஷமே ஒரு நர்ஸ் அவள் காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக் கேட்க விட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ துணியை அலசுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதானா என்றாகிவிட்டது. கேட்பதற்குக் காது மட்டும் போதாது, கேட்கிறதற்குப் பெயர் தெரிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பெயர்களோ அவள் கடையிலேயே கொட்டிக் கிடந்தன. மாணவர்களின் நோட்ஸ் எல்லாம் அவள் மெஷின் வழியாகத்தான் போகும். ஒரு பக்கம் வெளியே வந்து விழுவதற்குள் அதைத் தலைகீழாகவே படித்துவிடும் பழக்கம் அவளுக்கு. இதயம் என்று எங்கே கண்டாலும் வேகத்தைக் குறைத்துவிடுவாள். "மர்மர்" என்ற சொல்லை முதலில் "மர்மம்" என்றே எடுத்துக்கொண்டாள். எழுதினவன் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டான் என்று நினைத்து, அவனைக் கூப்பிட்டுத் திருத்தவும் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, சுருங்கின வழியாக ரத்தம் உரசிக்கொண்டு போகும் சத்தத்துக்கு அதுதான் பெயர் என்றான். "ஸ்னாப்" என்பது தடித்த வால்வு திறக்கும்போது வரும் சொடக்கு. "கேலப்" என்றால் குதிரை ஓடுகிற மாதிரிக் கேட்கும் துடிப்பு. அது தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். "த்ரில்" என்றால் கையை வைத்தாலே தெரியும் அதிர்வு.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அந்த மர்மரின் கடைசியில் வரும் தூக்கல். அடுத்த துடிப்புக்கு ஒரு கணம் முன்னால் மேலறை தன்னிடம் மிச்சமிருக்கும் ரத்தத்தைக் கடைசியாக ஒரு அமுக்கு அமுக்கும். அப்போது சத்தம் சட்டென்று மேலே எழும்பும். அதற்கு நோட்ஸில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அவள் "கடைசித் தூக்கல்" என்று வைத்துக்கொண்டாள்.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. கன்னச் சிவப்பு. பெண் பார்க்க வந்த அன்று அவள் கன்னத்தைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்று கணவன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாத்தனார் அந்தக் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து தனக்கு எத்தனையோ கிரீம் வாங்கிப் பூசியிருக்கிறாள். அதுவும் நோயின் அடையாளங்களில் ஒன்று என்று ஒரு நோட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தில் அச்சடித்து வந்தது. அவள் அந்தப் பக்கத்தைக் கூடுதலாக ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினாள்.

"அப்ப நான் நோயைப் பார்த்தா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?" என்றான் கணவன்.

"நல்லவேளை, எனக்கு அந்த கிரீம் எதுவும் வேலை செய்யலை" என்றாள் நாத்தனார்.

இன்னொரு சொல் அவளை ஒரு வாரம் தூங்கவிடாமல் படுத்தியது. நாடி சில பேருக்கு "ஒழுங்காக ஒழுங்கு தவறும்", சில பேருக்கு "ஒழுங்கில்லாமல் ஒழுங்கு தவறும்" என்று ஒரு நோட்டில் இருந்தது. தவறுவதில் என்ன ஒழுங்கு? பிறகு அவளே கண்டுபிடித்தாள். பழைய மெஷின் ஒவ்வொரு ஐந்தாவது தாளையும் கசக்கும். அதற்கேற்ற மாதிரி கையை வைத்துக்கொள்ளலாம். புது மெஷின் எப்போது கசக்கும் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. மேலறை அமுக்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்தால் நாடி அந்தப் புது மெஷின் மாதிரி ஆகிவிடுமாம்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு, இந்த வருஷப் பரீட்சை நெருங்கும்போது, மூன்று வாரமாக நெஞ்சில் அவ்வப்போது ஏதோ படபடத்தது. ஐந்து நிமிஷம் இருக்கும், அடங்கிவிடும். சூடு, அசதி, சரியாகச் சாப்பிடாதது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நோட்ஸில் இருந்த சொற்களை அவள் அதன்மேல் வைத்துப் பார்க்கவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் வகுப்புத் தலைவன் அரைப் பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "முப்பது காப்பி, அக்கா. போன்ல அனுப்பினா மாட்டிக்குவோம், அதான். ப்ளீஸ், படிக்காதீங்க."

படிக்காதே என்றால் படிக்காமல் இருக்க அவளால் முடியுமா? நாளைக்கு வரப்போகும் நோயாளிகளின் பட்டியல் அது. மூன்றாவது வரியில் அவளே இருந்தாள். மூன்றாம் கட்டில், பெண், மைட்ரல் ஸ்டெனோசிஸ், நாடி எழுபத்தாறு, சீரானது, முதல் ஒலி பலமானது, சொடக்கு உண்டு, மர்மர் உண்டு, கடைசித் தூக்கலோடு.

தன்னுடைய நெஞ்சு முழுவதும் ஒன்றரை வரியில் அடங்கியிருந்ததைப் பார்க்க அவளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு, இது சரியில்லையே என்று ஒரு உறுத்தல். "தம்பி, இது..." என்று ஆரம்பித்தாள். அவன் கையைக் கூப்பினான். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். கொண்டுவந்ததை எடுத்துக்கொடுக்கத்தானே கடை என்று மனசைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். முப்பது தாளும் சூடாக வந்து விழுந்தன.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் மூன்றாம் கட்டிலில் இருந்தாள். சுற்றிலும் பச்சைத் திரை. கால்மாட்டில் ஒரு ஸ்டூல், அதன்மேல் கைகழுவும் திரவம். வாசலில் மேஜை மணியோடு ஒரு நர்ஸ். பேராசிரியர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவரோடு வேறு கல்லூரியிலிருந்து வந்த பரீட்சகர் அம்மாவும் கேட்டார். மார்க்கை வெட்டுவதில் பேர்போனவர் என்பதால் மாணவர்கள் அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் தலையசைத்துக்கொண்டு, அவளுடைய நாடியும் ஒலிகளும் எழுதியிருந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

விதிகள் சுலபம். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம் நோயாளியோடு தனியாக. கேட்டால் பதில் சொல்லலாம், தானாக எதையும் சொல்லக்கூடாது. மணி அடித்ததும் பரீட்சகர்கள் வருவார்கள். மாணவர் தான் கண்டதைச் சொல்ல வேண்டும். அப்போது நோயாளி வாயே திறக்கக்கூடாது.

முதல் மூன்று பேர் வந்து போனார்கள். அந்தத் தாளில் இருந்ததைத்தான் சொன்னார்கள், அதில் தப்பும் இல்லை. நடுவில் ஒரு சின்ன இடைவேளை. நர்ஸ் டீ கொண்டுவந்தாள். டீயைக் குடித்துவிட்டு வராந்தாவின் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் வந்து படுத்தும் அடங்கவில்லை. தொண்டைக் குழியில் விரலை வைத்தாள். இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, பிறகு மூன்று ஒட்டிக்கொண்டு, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு இடைவெளி.

பயம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது ஆவல்தான். இப்போது வரப்போகிற பிள்ளைக்கு இது தெரியுமா? தெரிந்தால் அதற்கு என்ன பெயர் சொல்லும்?

நாலாவதாக வந்தது ஒரு பெண். கை சில்லென்று இருந்தது. "ஸாரி, அக்கா" என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். மணிக்கட்டில் விரலை வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், எடுத்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மணி அடித்தது.

"பல்ஸ் எழுபத்தாறு, ரெகுலர்" என்றாள் அந்தப் பெண். மர்மரைச் சொன்னாள். கடைசித் தூக்கலையும் சொன்னாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுபத்தாறா?

ஐந்தாவது பையன் வேகமானவன். பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷத்தை மிச்சம் பிடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் எழுபத்தாறு, ரெகுலர். அதே சொற்கள், அதே வரிசை.

ஆறாவதாக வந்தவன் தடித்த கண்ணாடி போட்டவன், சாது. அவன் மணிக்கட்டைப் பிடித்ததும் புருவம் சுருங்கியது. அவளைப் பார்த்தான். மறுபடியும் பிடித்தான். நெஞ்சில் வைத்துக் கேட்டான். தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டான். வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தான். அவள் மனசுக்குள், கேள், கேள் என்றாள். மணி அடித்துவிட்டது. பரீட்சகர்கள் உள்ளே வந்தார்கள். அவன், "பல்ஸ்... எழுபத்தாறு. ரெகுலர்" என்றான்.

அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. தனக்காகவா, அவனுக்காகவா என்று தெரியவில்லை.

ஏழாவதாக ஆமை வந்தான். ஏற்கெனவே இரண்டு தடவை தேறாதவன், பழைய வகுப்பு. எதைச் செய்தாலும் நிதானமாகச் செய்வான் என்பதால் அந்தப் பெயர். இப்போதைய வகுப்பில் அவனுக்கு யாரும் பழக்கமில்லை. அதனால் முப்பது தாளில் ஒன்றுகூட அவன் கைக்குப் போகவில்லை.

ஆமை முதலில் அவளிடம், "வசதியா இருக்கீங்களா?" என்று கேட்டான். பிறகு மணிக்கட்டைப் பிடித்தான். பதினைந்து வினாடி போனது. முப்பது போனது. ஒரு நிமிஷம் முழுவதும் பிடித்துக்கொண்டே இருந்தான். கையை எடுக்காமல் யோசித்தான்.

"அக்கா, ஒரு உதவி செய்வீங்களா? உங்களுக்கு எண்ண வருமா?"

"நாள் முழுக்க நான் வேற என்ன செய்யறேன்னு நினைச்சீங்க, தம்பி?"

"நான் நெஞ்சுல கேட்டு எண்ணறேன். நீங்க உங்க மணிக்கட்டுல விரலை வச்சு எண்ணுங்க. ஒரு நிமிஷம். மனசுக்குள்ளேயே."

இரண்டு பேரும் எண்ணினார்கள். திரைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் உதடு அசையாமல் எண்ணினாள். சிலது பலமாக வந்தது, சிலது விரலைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது.

"எத்தனை?" என்றான்.

"எண்பத்திரண்டு."

"எனக்கு நூத்திநாலு."

"யாரு தப்பு?"

"ரெண்டு பேரும் சரி, அக்கா. நூத்திநாலு தடவை அடிக்குது. அதுல இருபத்திரண்டுக்கு மணிக்கட்டு வரைக்கும் வர்ற அளவு பலம் இல்லை." சொல்லிவிட்டு அவன் ஒரு கணம் கவலையோடு அவளைப் பார்த்தான். "இது உங்களுக்குத் தெரியுமா?"

மணி அடித்தது.

ஆமை தான் கண்டதை மெதுவாகச் சொன்னான். நாடி ஒழுங்கில்லாமல் ஒழுங்கு தவறுகிறது. நெஞ்சில் நூற்றிநான்கு, மணிக்கட்டில் எண்பத்திரண்டு. மர்மர் இருக்கிறது. "கடைசியில சத்தம் மேலே எழும்பலை, மேடம். மேலறை நடுங்குது, அமுக்கலை. அதனால அது இருக்க வாய்ப்பில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை."

கத்திரி தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். காலையில் கையெழுத்துப் போட்டது. "மறுபடியும் பார்" என்றார்.

ஆமை மறுபடியும் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "அதேதான், மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

கத்திரியின் பேனா தாளில் இறங்கியது. அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷத்தில் பரீட்சகர்கள் முன்னால் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

பேராசிரியர் முகம் சுளித்தார். விதியை மீறினதற்காகக் கடிந்துகொள்ள வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். கண்ணை மூடினார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. நகர்ந்து கத்திரிக்கு இடம் விட்டார். அவரும் கேட்டார். நர்ஸ் ஈ.சி.ஜி. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கட்டம் போட்ட தாள் நீளமாக வெளியே வந்தது. அதில் கூரான கோடுகள் கூட்டத்தில் முண்டியடித்து நிற்கிறவர்களைப் போல ஒன்றுக்கொன்று வெவ்வேறு இடைவெளியில் நின்றன.

"எப்போ ஆரம்பிச்சுது?" என்று பேராசிரியர் கேட்டார்.

அவர் வைத்தியராகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் கத்திரி மார்க் தாளோடு நின்றிருந்தார். இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போதுதான், இந்தத் தம்பி வந்த பிறகுதான் என்றால், முன்னால் வந்த ஆறு பேரும் தப்பித்தார்கள். உண்மையைச் சொன்னால் மூன்று பேர் மாட்டினார்கள். சில்லென்ற கையைத் தேய்த்துக்கொண்ட பெண். ஜன்னலைப் பார்த்த பையன். கண்ணாடிக்காரன். மூன்று பேரும் நாளைக்கே கடைக்கு வரக்கூடியவர்கள்.

"ஏன் யோசிக்கறீங்க?" என்றார் பேராசிரியர். "இது எனக்கு முக்கியம்மா. இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா? இன்னைக்குத்தான் முதல் தடவைன்னா உடனே பழைய தாளத்துக்குத் திருப்பிடலாம். ரொம்ப நாளா வந்து போகுதுன்னா உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். தெரியாம அவசரப்பட்டுத் திருப்பினா, அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போகலாம்."

ஒரு பொய் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

"மூணு வாரமா வந்து வந்து போகுது, டாக்டர். யார்கிட்டயும் சொல்லலை. இன்னைக்கு டீ குடிச்சுட்டு நடந்து வரும்போது வந்துச்சு. மூணாவது தம்பி போனப்புறம், நாலாவது பொண்ணு வர்றதுக்கு முன்னாடி. அப்புறம் போகவே இல்லை."

கத்திரி தாளைப் புரட்டினார். நான்கு, ஐந்து, ஆறு என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். "மூணு பேரும் எழுபத்தாறுன்னாங்க" என்றார் மெதுவாக. "ஒருத்தர்கூட எழுபத்தஞ்சுன்னோ எழுபத்தெட்டுன்னோ சொல்லலை. எனக்கு அப்பவே என்னவோபோல இருந்துச்சு."

"அந்தத் தாளை ஜெராக்ஸ் போட்டது நான்தான், மேடம்."

"எந்தத் தாள்?"

சொன்னாள். சொல்லும்போது படபடப்பு இன்னும் கூடியது. பேராசிரியர் வரிகளைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "அது நான் எழுதினது. ஆறு வருஷமா அதே தாள். தேதியை மட்டும் மாத்திக்கிட்டிருக்கேன். எவனோ பார்த்து எழுதி வச்சிருக்கான்." பிறகு சொன்னார். "பசங்களைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பழைய தாளையே சோம்பேறித்தனமா ஓட்டினது நான்."

ஆமை ஸ்டூலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கத்திரி அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீ போகலாம்ப்பா" என்றார். வாசல்வரை போனவனைக் கூப்பிட்டு, "நல்லா எண்ணினே" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

அக்காவை அங்கிருந்தே சக்கர நாற்காலியில் வார்டுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் மேலறையின் ஒரு மூலையில் கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. பணிமனையிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்தான் கணவன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். நாத்தனார்தான் சண்டை போட்டாள்.

"ஊருல இருக்கறவங்க நோட்டெல்லாம் படிக்கத் தெரியுது, அண்ணி. மூணு வாரமா உங்க நெஞ்சு என்ன எழுதுதுன்னு படிக்கத் தெரியலையா?"

"படிச்சுட்டா உண்மையாயிடுமேன்னு இருந்துச்சுடி" என்றாள் அக்கா. அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, கட்டி கரைந்துவிட்டது என்று உறுதியான பிறகு, தொடையில் ஒரு குழாயை நுழைத்து, அதன் வழியாக ஒரு சின்னப் பலூனை அனுப்பி, சுருங்கின வால்வை விரித்தார்கள். மாடிப்படி சுலபமாயிற்று. கன்னத்தின் சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. நாத்தனார் அதைக் கவனித்துச் சொன்னாள். தாளம் மட்டும் பழைய மாதிரி திரும்பவில்லை. அது அப்படியே இருக்கட்டும், வேகம் கட்டுக்குள் இருந்தால் போதும் என்றார் பேராசிரியர்.

பரீட்சையின் முடிவுகளை அவள் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டாள். ஆமை தேறிவிட்டான். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது பேரை அன்று மத்தியானமே வேறொரு நோயாளியிடம் அனுப்பி மறுபடியும் கேட்டார்கள். பெண் தேறினாள். வேகக்காரனும் தேறினான்; இந்தத் தடவை பத்து நிமிஷத்தையும் முழுசாகச் செலவழித்தானாம். கண்ணாடிக்காரன் மட்டும் தேறவில்லை.

அவன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடைக்கு வந்தான். மறு பரீட்சைக்கான விண்ணப்பம், இரண்டு காப்பி. கடையில் கூட்டம். அக்கா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். கோபமாக வந்திருக்கிறானா என்று பார்த்தாள், தெரியவில்லை.

"என்னாலதான் இந்த அலைச்சல், இல்லையா தம்பி?"

"இல்லைக்கா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சவுடனே தெரிஞ்சுது. தாள்ல வேற மாதிரி இருந்துச்சு, முன்னாடி போனவங்களும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க, அப்ப என் விரல்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

"மத்தியானம்?"

"மத்தியானம் கொடுத்தவருக்கு நாடி நல்லாத்தான் இருந்துச்சு. நான் பயத்துல ஒழுங்கில்லைன்னு சொல்லிட்டேன்."

நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

"சரி, ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கு உங்க விரலுக்கு எப்படி இருந்துச்சு? எனக்கு உள்ளே எப்படி இருந்துச்சுன்னு தெரியும். வெளியே எப்படின்னு தெரியாது."

அவன் யோசித்தான். "இருட்டுல படி இறங்கறவங்க இருக்காங்க இல்ல, எங்க அடுத்த படின்னு தெரியாம? ஒரு கால் சட்டுனு வைப்பாங்க, அடுத்தது தடவித் தடவி. அப்படி இருந்துச்சு."

"இதை எந்த நோட்டுலயும் நான் படிச்சதில்லை" என்றாள் அவள். மெஷினின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, மேஜைக்கு மேலாகக் கையை நீட்டினாள். "இப்ப பாருங்க."

"இங்கேயா?"

"ஏன், உங்க விரல் இங்கே வேலை செய்யாதா?"

பின்னால் நின்றவர், "அக்கா, எனக்கு ஒரே ஒரு பக்கம்" என்றார். "ஒரு நிமிஷம் இருங்க, அண்ணிக்குப் பரீட்சை நடக்குது" என்றாள் நாத்தனார். கண்ணாடிக்காரன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. முள் ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்தது.

"எழுபத்தெட்டு" என்றான். பிறகு தயங்கினான். "இல்லை... நடுவுல ஒண்ணு ரொம்ப லேசா வந்துச்சு. அதை எண்ணறதா வேண்டாமான்னு தெரியலை."

"வந்துச்சா, இல்லையா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான்.

"வந்துச்சு."

"அப்ப எண்ணுங்க" என்றாள் அக்கா.